தொண்ணூறில் மட்டும் ஏன் ஆடுகிறது?

ஊருக்குள் நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் கார் சமர்த்தாகப் போகிறது. சுங்கச்சாவடியைத் தாண்டி நெடுஞ்சாலையில் ஏறியதும் வேகமுள் அறுபது, எழுபது என்று நகர்கிறது. அப்போதும் ஒன்றுமில்லை. எண்பதைத் தொட்டதும் ஸ்டியரிங்கில் லேசாக ஒரு நடுக்கம். தொண்ணூறில் அது நன்றாகவே ‘அடிக்க’ ஆரம்பிக்கிறது. தண்ணீர் பாட்டில் கடகடவென்று சத்தம் போடுகிறது. நூறில் இன்னும் மோசமாகும் என்றுதானே நினைப்போம்? நூறை நெருங்க நெருங்க ஆட்டம் அடங்கிப்போகிறது! வேகத்தைக் குறைத்தால், தொண்ணூறுக்கு வரும்போது திரும்பவும் வந்துவிடுகிறது.

எங்கள் சித்தப்பாவின் காருக்கு வந்த நோய் இது. “ரோடு சரியில்லைடா” என்றுதான் அவர் முதலில் சொன்னார். ரோட்டின் மேல் பழி போடுவது எளிது. ஆனால் ரோடு காரணமாக இருந்தால் நல்ல ரோடு வந்ததும் ஆட்டம் நின்றிருக்க வேண்டும். புதிதாகத் தார் போட்ட இடத்திலும் அதே தொண்ணூறில் அதே நடுக்கம். அப்படியென்றால் கோளாறு காருக்குள்தான் இருக்கிறது.

காரில் சுற்றுகிற, அசைகிற பாகங்கள் ஏராளம். ஒவ்வொன்றாகக் கழற்றிப் புதிது மாட்டிக்கொண்டே போனால் பணம் கரையும், ஆட்டம் போகாது. அதற்கு அவசியமும் இல்லை. எந்த வேகத்தில் வருகிறது, உடம்பில் எந்த இடத்தில் தெரிகிறது, ஒரு நொடிக்கு எத்தனை தடவை அடிக்கிறது என்று ஆட்டத்தையே விசாரித்தால், எந்தப் பாகம் என்று அதுவே காட்டிக்கொடுத்துவிடும். இந்த விசாரணையில் பாதியை, வண்டி ஓட்டாமல் பின்னால் உட்கார்ந்திருக்கிற நீங்களே செய்யலாம்.

முதலில் ஒரு கணக்கு. கார் வீட்டு வாசலில் நிற்கும்போது டயரின் அடிப்பக்கம், தரையைத் தொடுகிற இடத்தில், சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். அதற்கு நேராகத் தரையிலும் ஒரு கோடு. பெரியவர்கள் யாரையாவது காரை மெல்ல நகர்த்தச் சொல்லி, டயர் கோடு ஒரு முழுச் சுற்று சுற்றித் திரும்பவும் தரைக்கு வரும் இடத்தில் இன்னொரு கோடு போடுங்கள். தரையில் இருக்கும் இரண்டு கோடுகளுக்கும் நடுவே டேப் வைத்து அளந்தால், நம் ஊரில் ஓடும் பெரும்பாலான சின்னக் கார்களுக்கு 2 மீட்டரை ஒட்டித்தான் வரும். ஒரு சுற்றுக்கு 2 மீட்டர் என்றே வைத்துக்கொள்வோம்.

மணிக்கு 90 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 25 மீட்டர். 25-ஐ 2-ஆல் வகுத்தால் 12.5. அதாவது தொண்ணூறில் போகிற காரின் ஒவ்வொரு சக்கரமும் ஒரே நொடியில் பன்னிரண்டரை தடவை சுற்றுகிறது. இந்த 12.5 என்ற எண்ணை மறந்துவிடாதீர்கள். கடைசி வரை நமக்கு அது வேண்டும்.

இப்போது அந்தச் சக்கரத்தின் ஓரத்தில் ஓரிடத்தில் மட்டும் 20 கிராம் எடை கூடுதலாக இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். டயர் என்பது வெறும் ரப்பர் வளையம் அல்ல. துணி, எஃகுக் கம்பி, ரப்பர் எனப் பல அடுக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றி ஒட்டி, அச்சில் வைத்து வேகவைத்து எடுப்பது. ஒவ்வொரு அடுக்கும் எங்கேயோ ஓரிடத்தில் முனையோடு முனை சேர வேண்டும். சேர்கிற இடம் கொஞ்சம் கனமாகவே இருக்கும். ரிம்மில் காற்று பிடிக்கும் வால்வு இருக்கும் இடமும் கனம்தான். எந்தச் சக்கரமும் பிறக்கும்போதே முழுச் சமநிலையோடு பிறப்பதில்லை.

வெறும் 20 கிராம் என்ன செய்துவிடும்? நிற்கிற காரில் ஒன்றும் செய்யாது. ஆனால் வட்டத்தில் சுற்றும் எதுவும் வெளியே பிய்த்துக்கொண்டு போகப் பார்க்கும். அதை உள்ளே பிடித்துவைக்க விசை வேண்டும். அந்த விசை வேகத்தின் இருமடியாகக் கூடும். வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்கு. 15 அங்குல ரிம்மின் ஓரத்தில் இருக்கும் 20 கிராம், 45 கிலோமீட்டர் வேகத்தில் சுமார் 600 கிராம் எடைக்கு ஈடாகச் சக்கரத்தை இழுக்கிறது. தொண்ணூறிலோ அது ஏறத்தாழ 2.4 கிலோ. அதுவும் ஒரே பக்கமாக இழுப்பதில்லை. மேலே, முன்னே, கீழே, பின்னே என்று நொடிக்குப் பன்னிரண்டரை சுற்று சுற்றிச் சுற்றி இழுக்கிறது. நாற்பதில் ஏன் ஒன்றும் தெரியவில்லை என்பதற்கு இதுதான் பதில்.

நூறில் ஏன் குறைந்தது என்பதற்கு இது பதில் இல்லை. விசை கூடிக்கொண்டுதானே போக வேண்டும்?

ஊஞ்சல் தள்ளியிருப்பீர்கள். தங்கை உட்கார்ந்திருக்கும் ஊஞ்சல் உங்கள் பக்கம் வந்து திரும்பும் அதே நேரத்தில் லேசாகத் தள்ளிவிட்டாலே போதும், கொஞ்ச நேரத்தில் ஊஞ்சல் உயரே போய்விடும். அதை விட்டுவிட்டு ஊஞ்சலின் தாளத்தைக் கவனிக்காமல் படபடவென்று வேகமாகத் தட்டிக்கொண்டே இருந்தால், எவ்வளவு பலமாகத் தட்டினாலும் ஊஞ்சல் சரியாக ஆடாது. ஆடக்கூடிய எந்தப் பொருளுக்கும் அதற்கென்று ஒரு சொந்தத் தாளம் உண்டு. அந்தத் தாளத்தோடு சேர்ந்து தள்ளினால் சின்ன விசையும் பெரிய ஆட்டமாகும். ஒத்ததிர்வு என்று பாடப்புத்தகத்தில் படிப்பது இதைத்தான்.

காரின் சக்கரமும் ஆடக்கூடிய பொருள்தான். மேலே சஸ்பென்ஷனின் சுருள்வில். கீழே காற்றடைத்த டயர், அதுவும் ஒரு வில் போலத்தான் அமுங்கி எழும். இரண்டுக்கும் நடுவே ரிம், பிரேக், ஹப் எல்லாம் சேர்ந்த கனம் தொங்கிக்கொண்டிருக்கிறது. இந்த அமைப்பின் சொந்தத் தாளம், காரைப் பொறுத்து, நொடிக்கு 10 முதல் 15 தடவை என்ற வரம்புக்குள் ஏதோ ஓரிடத்தில் இருக்கும். நம்முடைய 12.5 அதற்குள் கச்சிதமாக வந்து உட்காருகிறது, பார்த்தீர்களா? தொண்ணூறில் சக்கரத்தின் சுழற்சியும் சஸ்பென்ஷனின் தாளமும் ஒன்றாகச் சேர்ந்துகொள்கின்றன. நூறை நெருங்கும்போது சக்கரம் நொடிக்கு 14 தடவையைத் தொடுகிறது. தாளம் தப்பிப்போகிறது. விசை கூடினாலும் ஆட்டம் குறைகிறது.

குறிப்பிட்ட ஒரு வேகத்தில் வந்து, அதைத் தாண்டியதும் அடங்குகிற ஆட்டம் என்றால் மெக்கானிக்குகள் நேராகச் சக்கரத்தைத்தான் சந்தேகிப்பார்கள். காரணம் இதுதான்.

சக்கரம் நான்கு இருக்கிறதே, எது? இதற்கு உங்கள் உடம்பே கருவி. முன் சக்கரங்களின் ஆட்டம் ஸ்டியரிங் கம்பிகள் வழியாக ஓட்டுபவரின் கைக்கு வரும். பின் சக்கரங்களின் ஆட்டம் தரை வழியாக, இருக்கை வழியாக உங்கள் முதுகுக்கு வரும். “ஸ்டியரிங் அடிக்குதா, சீட்டு அடிக்குதா?” என்று அனுபவமுள்ள மெக்கானிக் முதல் கேள்வியாகக் கேட்பது இதற்காகத்தான். சித்தப்பாவின் காரில் ஸ்டியரிங் அடித்தது. எங்கள் முதுகுக்கு ஒன்றும் தெரியவில்லை. முன் சக்கரங்கள் இரண்டில் ஒன்று, அல்லது இரண்டுமே.

சக்கரத்தைக் கழற்றுவதற்கு முன், ஓடும்போதே வேறு சிலரை விடுவித்துவிடலாம். சாலை காலியாக இருக்கும்போது, அதே தொண்ணூறில் ஐந்தாவது கியரிலிருந்து நான்காவது கியருக்கு மாற்றச் சொல்லுங்கள். இன்ஜின் வேகமாகச் சுற்றும். சக்கரம் அதே 12.5தான். ஆட்டம் மாறாமல் அப்படியே இருந்தால் இன்ஜினும் அதைத் தாங்கும் இன்ஜின் மவுண்டிங்கும் காரணம் இல்லை. பிரேக் மிதிக்கும்போது மட்டும் ஸ்டியரிங் அடித்தால், அது பிரேக் டிஸ்க்கின் கோளாறு. டிஸ்க் முழுக்க ஒரே தடிமனாக இல்லாமல் ஒரு மில்லிமீட்டரில் நூறில் இரண்டு பங்கு அங்கங்கே ஏறி இறங்கியிருந்தாலே போதும், கால் மிதியிலும் கையிலும் தெரிந்துவிடும். ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது மட்டும் உதறி, காலை எடுத்ததும் நின்றுபோனால் டிரைவ் ஷாஃப்ட்டின் மூட்டைப் பார்க்க வேண்டும். சித்தப்பாவின் கார் இந்தச் சோதனை எதற்கும் அசைந்து கொடுக்கவில்லை. மிதித்தாலும் விட்டாலும் ஒரே அடிதான்.

ஆகவே டயர் கடை. வீல் பேலன்சிங் செய்யும் இடத்தில் ஒரு முறையாவது நின்று பாருங்கள். அங்கே நடப்பது முழுக்க இயற்பியல்.

கடைக்கார அண்ணன் சக்கரத்தைக் கழற்றியதும் முதலில் அதில் ஏற்கெனவே அடித்திருந்த பழைய எடைத் துண்டுகளை எல்லாம் இடுக்கியால் பிடுங்கிப் போட்டார். டயரின் பள்ளங்களில் சிக்கியிருந்த சின்னக் கற்களைக் குத்தி எடுத்தார். ரிம்மின் உட்பக்கத்தைத் தண்ணீர் விட்டுத் தேய்த்தார். மழைக்காலத்தில் உள்ளே தெறிக்கும் சேறு அங்கேயே காய்ந்து கட்டியாக ஒட்டிக்கொள்ளும். சேறே நூறு கிராம் இருந்துவிடலாம். அதைக் கழுவாமல் பேலன்சிங் செய்தால், நாலு நாள் கழித்துச் சேறு உதிர்ந்ததும் ஆட்டம் திரும்ப வந்துவிடும். ‘பேலன்சிங் செய்தும் சரியாகவில்லை’ என்று புலம்புபவர்களில் சிலருக்காவது இந்தக் காய்ந்த சேறுதான் காரணம் என்பது என் எண்ணம்.

பிறகு சக்கரத்தை மெஷினின் அச்சில் ஏற்றி, நடு ஓட்டையில் கூம்பு ஒன்றைச் செருகி இறுக்கினார். கூம்பு எதற்கு? ஓட்டையின் நடுவும் அச்சின் நடுவும் மயிரிழை பிசகாமல் ஒன்றாக வர வேண்டும். மூடியைச் சாத்தியதும் சக்கரம் விர்ரென்று சுற்றி நின்றது. திரையில் இரண்டு எண்கள்: உட்பக்கம் 15, வெளிப்பக்கம் 30. கையால் சக்கரத்தை மெல்ல உருட்டினார். ஓரிடத்தில் விளக்கு எரிந்தது. அங்கே உச்சியில் ரிம்மின் விளிம்பில் 30 என்று பொறித்த துண்டை வைத்துச் சுத்தியலால் தட்டினார்.

“இரண்டு நம்பர் எதுக்குண்ணே? மொத்தமா ஒரே இடத்தில் 45 அடிச்சா ஆகாதா?” என்று கேட்டேன்.

“உள்பக்கம் மேலே கனம், வெளிப்பக்கம் கீழே கனம்னு வச்சுக்கோங்க தம்பி. மொத்தமாப் பார்த்தா சமமாத்தான் தெரியும். சுத்தவிட்டா தலையை ஆட்டும்” என்றார்.

எவ்வளவு அழகான விளக்கம்! நிற்கும் சக்கரத்தில் மேலே இருக்கும் 20 கிராமும் கீழே இருக்கும் 20 கிராமும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும். ஆனால் சக்கரத்துக்கு அகலம் இருக்கிறது. அந்த இரண்டும் அகலத்தின் வெவ்வேறு ஓரங்களில் இருந்தால், சுற்றும்போது ஒன்று உள்பக்கத்தையும் மற்றது வெளிப்பக்கத்தையும் எதிரெதிராக இழுத்துச் சக்கரத்தைப் பக்கவாட்டில் தலையாட்ட வைக்கும். அதனால்தான் நிறுத்தி வைத்துப் பார்க்காமல் சுற்றவிட்டு, இரண்டு ஓரங்களையும் தனித்தனியாக அளக்கிறார்கள். துண்டுகளை அடித்தபின் திரும்பச் சுற்றவிட்டதும் திரையில் 0, 0 என்று வந்தது.

ஒரு எச்சரிக்கை. அந்த எடைத் துண்டுகள் முன்பெல்லாம் ஈயத்தில்தான் செய்யப்பட்டன. ஈயம் நஞ்சு, அதுவும் குழந்தைகளின் மூளைக்கு. ஐரோப்பிய ஒன்றியம் 2005 முதல் கார்களுக்கு ஈய எடைகளைத் தடை செய்து, துத்தநாகத்துக்கும் எஃகுக்கும் மாறிவிட்டது. சாலையோரத்தில் விழுந்து கிடக்கும் துண்டைப் பார்த்தால் எடுத்து விளையாடாதீர்கள். எந்த உலோகம் என்று பார்த்துச் சொல்ல முடியாது.

சக்கரம் சுத்தம், மெஷினில் 0. சந்தோஷமாகக் கிளம்பினோம். தொண்ணூறில் ஸ்டியரிங் திரும்பவும் அடித்தது. முன்னைவிடக் குறைவு, ஆனால் போகவில்லை.

பெரும்பாலானோர் வெறுத்துப்போவது இந்த இடத்தில்தான். எனக்கோ விசாரணை இங்கேதான் சுவாரசியமாகிறது. மெஷின் பொய் சொன்னதா? இல்லை. அதனிடம் கேட்ட கேள்வி வேறு. மெஷினில் சக்கரம் அந்தரத்தில் சுற்றுகிறது. அதன் மேல் எந்தப் பாரமும் இல்லை. சாலையில் ஆட்கள் ஏறிய கார் 1200 கிலோ என்றால், ஒவ்வொரு டயரும் ஏறத்தாழ 300 கிலோவைச் சுமந்து, அடியில் அமுங்கியபடியே சுற்றுகிறது. டயரில் ஓரிடம் மற்ற இடங்களைவிட விறைப்பாக இருந்தால், அந்த இடம் தரைக்கு வரும் ஒவ்வொரு முறையும் காரை மேலே தள்ளும். ஒரு சுற்றுக்கு ஒரு தள்ளு, நொடிக்குப் பன்னிரண்டரை தள்ளு. ரிம் லேசாக நெளிந்திருந்தாலும், டயர் முழு வட்டமாக இல்லாமல் போனாலும் இதே கதைதான். எடை சமமாக இருப்பது ஒன்று, வட்டமாக இருப்பது இன்னொன்று, விறைப்பு சமமாக இருப்பது மூன்றாவது. சாதாரணப் பேலன்சிங் மெஷின் முதலாவதை மட்டும்தான் அளக்கும். சுற்றும் டயரின் மேல் ஓர் உருளையை அழுத்தி, சாலைப் பாரத்தைப் போலவே கொடுத்து அளக்கும் மெஷின்களும் இருக்கின்றன. ஆனால் எல்லாக் கடையிலும் கிடைக்காது.

புது டயர் வாங்கும்போது பக்கச்சுவரில் சிவப்பிலோ மஞ்சளிலோ ஒரு புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். எல்லாக் கம்பெனியும் போடுவதில்லை. மஞ்சள் புள்ளி டயரின் கனம் குறைந்த இடம். அதை ரிம்மில் கனமான வால்வுக்கு நேராக வைத்து மாட்டுவார்கள். சிவப்புப் புள்ளி, டயர் மிக அதிகமாகத் தள்ளும் இடம். ரிம்மின் தாழ்ந்த இடம் குறிக்கப்பட்டிருந்தால் அதற்கு நேராகச் சிவப்பு வரும். ஒன்றின் குறையை இன்னொன்றின் குறையால் ஈடுகட்டுகிறார்கள்!

பாரம் கொடுத்து அளக்கும் மெஷின் இல்லாமல் நாங்கள் செய்தது இடமாற்றம். அதே பக்கத்து முன் சக்கரத்தைப் பின்னாலும் பின் சக்கரத்தை முன்னாலும் மாட்டினோம். (டயரில் சுற்றும் திசைக்கு அம்புக்குறி போட்டிருந்தால் பக்கம் மாற்றக் கூடாது; முன்னும் பின்னும் மாற்றலாம்.) முதலில் வலப்பக்கம். மாற்றம் இல்லை, ஸ்டியரிங்தான் அடித்தது. பிறகு இடப்பக்கம். தொண்ணூறு வந்தது. ஸ்டியரிங் அமைதி. என் முதுகுக்குப் பின்னால் சீட்டு அடிக்க ஆரம்பித்தது. “வந்துடுச்சு சித்தப்பா, இங்கே வந்துடுச்சு!” என்று கத்தியே விட்டேன். ஆட்டம் சக்கரத்தோடு சேர்ந்து முன்னாலிருந்து பின்னால் வந்துவிட்டது. ஹப், டிஸ்க், ஷாஃப்ட் எல்லாம் முன்னாலேயேதான் இருக்கின்றன. அவை அத்தனையும் ஒரே சோதனையில் நிரபராதிகள். சக்கரத்தை எங்கே மாற்றினாலும் ஆட்டம் முன்னாலேயே நின்றிருந்தால், அவற்றைத்தான் அடுத்து விசாரித்திருக்க வேண்டும்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றினோம் என்பதைக் கவனியுங்கள். ஒரேயடியாக நான்கு சக்கரத்தையும் இடம் மாற்றி, காற்றையும் கூட்டி, வீல் அலைன்மென்ட்டும் செய்திருந்தால், ஆட்டம் போயிருந்தாலும் எதனால் போனது என்று தெரிந்திருக்காது. ஸ்டெப்னியை வைத்தும் இதைச் செய்யலாம்: சந்தேகப்படும் சக்கரத்தைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஸ்டெப்னியைப் போட்டுப் பார்ப்பது. ஆனால் இப்போது பல கார்களில் வருவது ஒல்லியான தற்காலிக ஸ்டெப்னி. அதன்மேல் 80-க்கு மேல் போகாதே என்று எழுதியிருக்கும். அதைப் போட்டுத் தொண்ணூறில் சோதிக்கக் கூடாது.

சந்தேகப்பட்ட சக்கரத்தைக் கடையிலேயே ஜாக்கி வைத்துத் தூக்கி, தாங்கு கட்டையும் கொடுத்தார்கள். அண்ணன் ஒரு சாக்பீஸை டயரின் ஓடுபரப்புக்குக் கிட்டே, தொட்டும் தொடாமலும் அசையாமல் பிடித்துக்கொண்டார். இன்னொருவர் சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றினார். வட்டமான டயராக இருந்தால் சாக்பீஸ் சுற்றிலும் ஒரே மாதிரி உரசும், அல்லது எங்குமே உரசாது. இங்கே ஒரு பக்கம் வெள்ளைக்கோடு ஒரு சாண் நீளத்துக்குப் பட்டையாக விழுந்தது. எதிர்ப்பக்கம் சுத்தமான கறுப்பு. டயர் அந்த இடத்தில் மேடு. பிறகு ரிம்மின் விளிம்பிலும் அதே சோதனை. ரிம் சரியாக இருந்தது. டயரை மட்டும் மாற்றினோம். ஆட்டம் போய்விட்டது.

பெரிய மேடு என்று நினைத்துவிடாதீர்கள். ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர்தான். காருக்கு அது போதும். இந்தச் சோதனையை நீங்களாகச் செய்யவே கூடாது. ஜாக்கியில் நிற்கும் காரின் பக்கத்தில் சிறுவர்கள் போகக் கூடாது, கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால் போதும்.

எல்லாக் காருக்கும் இதே விடை வராது. சில கார்களில் சக்கரம் நன்றாக இருக்கும், மாட்டிய விதம் தப்பாக இருக்கும். ஹப்புக்கும் ரிம்முக்கும் நடுவில் துருவோ மண்ணோ இருந்தால் சக்கரம் கோணலாக உட்காரும். வெளியே வாங்கிய அலாய் வீலின் நடு ஓட்டை, காரின் ஹப்பைவிடப் பெரிதாக இருந்தால் சக்கரம் நடு தப்பி உட்காரும். அதற்கென்று ஒரு வளையம் போட வேண்டும். நட்டுகளை ஒரு பக்கத்திலிருந்து வரிசையாக இறுக்காமல் எதிரெதிராக மாற்றி மாற்றி இறுக்குவதும் சக்கரம் சமமாக உட்காரத்தான். வெகுநாள் ஓடாமல் நின்ற காரில், டயர் தரையில் அமுங்கிய இடம் தட்டையாகவே இருந்துவிடும். கொஞ்ச தூரம் ஓடி ரப்பர் சூடேறினால் பெரும்பாலும் சரியாகிவிடும். தேய்ந்த ஷாக் அப்சார்பரும் தளர்ந்த புஷ்ஷும் தாங்களாக ஆட்டத்தை உண்டாக்குவதில்லை. வேறு எங்கோ பிறந்த சின்ன ஆட்டத்தை அடக்காமல் வளரவிடுகின்றன. வீல் அலைன்மென்ட்டோ இந்த நடுக்கத்துக்கு நேரடிக் காரணமே இல்லை. அது கெட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், டயர் ஒரு பக்கமாகத் தேயும். அப்படித் தேய்ந்த டயர் பிற்பாடு ஆடலாம், அவ்வளவுதான்.

என்னை ரொம்ப நாள் யோசிக்க வைத்தது வேறொரு விதமான ஆட்டம். வேகம் மாறாமல் தொண்ணூறிலேயே போய்க்கொண்டிருப்போம். ஆட்டம் மெல்லக் கூடும், மெல்லக் குறைந்து இல்லாமலே போகும், திரும்பவும் கூடும். பேய் பிடித்தது போல இருக்கும். இதற்கும் கணக்கு இருக்கிறது. முன் சக்கரங்கள் இரண்டிலுமே சமநிலைக் கோளாறு இருக்கிறது என்று வையுங்கள். ஒன்றின் சுற்றளவு 2 மீட்டர். இன்னொன்றின் சுற்றளவு ஒரு சென்டிமீட்டர் கூடுதல், 2.01 மீட்டர். ஒரு டயர் மற்றதைவிட ஒன்றரை மில்லிமீட்டர் சொச்சம் அதிகமாகத் தேய்ந்திருந்தாலே இந்த வித்தியாசம் வந்துவிடும். முதல் சக்கரம் நொடிக்கு 12.5 சுற்று, இரண்டாவது 12.44 சுற்று. இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே பக்கம் இழுக்கும்போது ஆட்டம் கூடும். எதிரெதிராக இழுக்கும்போது குறையும். ஒரு சக்கரம் மற்றதை ஒரு முழுச் சுற்று முந்த எடுக்கும் நேரம் ஏறத்தாழ 16 நொடி. ஆகவே 16 நொடிக்கு ஒரு தடவை ஆட்டம் வந்து வந்து போகும். கையில் கடிகாரம் இருந்தால் அளந்து பாருங்கள். ஆட்டம் வந்துபோகும் இடைவெளியிலிருந்தே, இரண்டு டயருக்கும் எவ்வளவு தேய்மான வித்தியாசம் என்று காரை விட்டு இறங்காமல் கணக்குப் போட்டுவிடலாம்!

இரண்டு வகை ஆட்டங்களை மட்டும் விசாரித்துக்கொண்டிருக்கக் கூடாது. முப்பது, நாற்பதிலேயே ஸ்டியரிங் இப்படியும் அப்படியும் மெல்லத் தலையாட்டினால், அல்லது டயரில் எங்காவது புடைத்திருப்பது கண்ணில் பட்டால், உள்ளே எஃகு அடுக்கு ரப்பரை விட்டுப் பிரிந்திருக்கலாம். அந்த டயர் வெடிக்கக்கூடும். முன்பு இல்லாத ஆட்டம் சக்கரம் கழற்றி மாட்டிய அன்றே வந்தால் நட்டு தளர்ந்திருக்கலாம். இரண்டுக்கும் ஓரமாக நிறுத்தச் சொல்லுங்கள். வீடு போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று பெரியவர்கள் சொன்னாலும் விடாதீர்கள்.

இனி, நொடிக்கு எத்தனை என்ற கேள்வி. கையும் முதுகும் அதை எண்ணித் தராது. ஆனால் வீட்டில் இருக்கும் செல்போனுக்குள் அசைவை அளக்கும் ஒரு சின்ன உணரி இருக்கிறது. பெரும்பாலான போன்களில் அது நொடிக்கு நூறு தடவைக்கு மேல் அளவெடுக்கும். ஜெர்மனியின் ஆகன் நகரத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் உருவாக்கிய ‘ஃபைஃபாக்ஸ்’ என்ற இலவசச் செயலி, அந்த அளவுகளைப் பிரித்து, எந்த அதிர்வு நொடிக்கு எத்தனை தடவை என்று வரைபடமாகப் போட்டுக் காட்டும். போனைச் சீட்டின் மேல் வைத்தால் பஞ்சு அதிர்வை விழுங்கிவிடும். காரின் தரையில், அசையாமல், முன் சீட்டுக்குப் பின்னால் வையுங்கள். ஓட்டுபவரின் காலருகே வைக்கவே கூடாது.

தொண்ணூறில் நிலையாகப் போகும்போது வரைபடத்தில் 12.5-க்குப் பக்கத்தில் ஒரு முகடு எழுந்தால், ஒரு சுற்றுக்கு ஒரு அடி: சமநிலையோ வட்டமோ கெட்ட சக்கரம். 25-இல் எழுந்தால் ஒரு சுற்றுக்கு இரண்டு அடி: முட்டை வடிவமான டயர். 37.5-இல் என்றால் மூன்று அடி. முன் சக்கரங்களால் இழுபடும் கார்களில் டிரைவ் ஷாஃப்ட்டின் உள்மூட்டு பெரும்பாலும் மூன்று உருளைகள் கொண்டது. அது தேய்ந்தால் சுற்றுக்கு மூன்று முறை உதறும். பொலேரோ போலப் பின் சக்கரங்களுக்கு நீண்ட தண்டு போகும் வண்டிகளில், அந்தத் தண்டு சக்கரத்தைப் போல் ஏறத்தாழ நான்கு மடங்கு வேகத்தில் சுற்றும். முகட்டை 50-இன் பக்கத்தில் தேட வேண்டும்.

இன்ஜின் வேறு கணக்கு. நிமிடத்துக்கு 2400 சுற்று என்று முள் காட்டினால் நொடிக்கு 40 சுற்று. நான்கு சிலிண்டர் இன்ஜினில் ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு சிலிண்டர் எரியும், ஆக 80. இப்போது ஒரு சிக்கல் வருகிறது, பாருங்கள். வரைபடத்தில் 38-க்கும் 40-க்கும் நடுவில் ஒரு முகடு நிற்கிறது. வேகமுள் துல்லியமாகக் காட்டுவதில்லை, டயரும் தேய்ந்திருக்கிறது. ஆகவே அது ஷாஃப்ட்டின் 37.5-ஆகவும் இருக்கலாம், இன்ஜினின் 40-ஆகவும் இருக்கலாம். எண்ணை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது. வேகத்தை மாற்றாமல் நான்காவது கியருக்குப் போகச் சொல்லிவிட்டு வரைபடத்தைப் பாருங்கள். முகடு வலப்பக்கம் நகர்ந்தால் இன்ஜின். நகராமல் அதே இடத்தில் நின்றால் ஷாஃப்ட்.